நாயாட்டு: பைக்கில் போன பையனுக்காக யார் அழுதார்கள்?

கூடலூர்க்காரன் எழுதியது:

நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாக ‘நாயாட்டு’ பார்த்தேன். முதல் தடவை 2021 மே மாதம், நெட்ஃபிளிக்ஸில் வந்த அதே வாரம். இரண்டாம் அலை ஊரடங்கு. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மணியனின் முடிவு வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர் நீலகிரியின் கூடலூர். கேரளத்தின் சுல்தான் பத்தேரி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. மலையாளப் படம் எனக்கு அந்நியமான விஷயமே இல்லை. ஆனாலும் ஒரு போலீஸ் படம் என்னை அப்படி உட்கார வைத்தது அதுதான் முதல் முறை.

கதை தெரிந்தால்தான் பேச முடியும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் முடிவு வரை சொல்லப் போகிறேன்.

நாயாட்டு என்றால் மலையாளத்தில் வேட்டை. ஒரே ஸ்டேஷனில் வேலை பார்க்கும் மூன்று பேர். ஏ.எஸ்.ஐ. மணியன் (ஜோஜு ஜார்ஜ்), சிவில் போலீஸ் ஆபீசர்கள் பிரவீன் மைக்கேல் (குஞ்சாக்கோ போபன்), சுனிதா (நிமிஷா சஜயன்). மணியனும் சுனிதாவும் தலித்துகள். பிஜு என்று ஒருவன், சுனிதாவுக்குச் சொந்தம், அவளுக்குத் தொல்லை கொடுப்பவன், ஒரு தலித் அமைப்பின் ஆள். அவனுக்கும் இவர்களுக்கும் ஸ்டேஷனிலேயே தள்ளுமுள்ளு ஆகிறது. அன்றைக்கு ராத்திரி மூவரும் திரும்பி வரும் ஜீப் ஒரு பைக்கில் மோதி, பிஜுவின் கூட்டாளி ஒருவன் சாகிறான். ஜீப்பை ஓட்டியது இந்த மூவரில் யாரும் இல்லை, ஓட்டியவன் ஓடிவிட்டான். இடைத்தேர்தல் நேரம். அந்தச் சமூகத்தின் ஓட்டு முதலமைச்சருக்கு வேண்டும். உடனே கைது காட்ட வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. தங்களை எப்படிக் கோர்த்துவிடுவார்கள் என்று மூவருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த வேலையை இத்தனை வருஷம் செய்தவர்களே அவர்கள்தான். அதனால் மலையேறி ஓடுகிறார்கள்.

படம் கேரளத் தியேட்டர்களில் வந்த நாள் 2021 ஏப்ரல் 8. கேரளச் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6. விரலில் மை காயாத ஜனங்கள் இந்தத் தேர்தல் கதையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தியேட்டரில் நானும் இருந்திருக்க வேண்டும் என்று இன்னமும் ஏக்கமாக இருக்கிறது.

இப்போது என் கேள்வி. நேற்று பார்க்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. மணியனுக்கு ஒரு மகள், பிரவீனுக்கு ஒரு அம்மா, சுனிதாவுக்கு ஒரு வீடு. இவர்கள் ஒவ்வொருவரையும் நமக்கு நெருக்கமாக்கப் படம் அத்தனை பாடுபட்டிருக்கிறது. பைக்கில் போன பையன்? அவன் சாவு இந்தக் கதை நகர்வதற்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் அம்மா பேசி ஒரு வார்த்தைகூட என் மனதில் நிற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த படம் இது, அதனால்தான் உறுத்துகிறது. நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

ரீல்பெட்டி எழுதியது:

உங்க கேள்விக்கு அப்புறம் வர்றேன் அண்ணே. முதல்ல இது எப்படி எடுக்கப்பட்ட படம்னு கொஞ்சம் பேசணும், அதுலதான் பதில் இருக்குன்னு நினைக்கிறேன்.

இயக்குநர் மார்ட்டின் பிரக்காட்டோட முந்தைய படம் 2015-ல வந்த ‘சார்லி’. நம்ம ஊர்ல ‘மாறா’ன்னு மாதவன் நடிச்சு வந்ததே, அதோட மூலம். வண்ணம், பாட்டு, ஊர்சுற்றல்னு ஒரே கொண்டாட்டம். அஞ்சு வருஷத்துக்கு மேல இடைவெளி விட்டு அதே மனுஷன் இப்படி ஒரு இருட்டான படத்தோட வந்தார். எழுதினது ஷாஹி கபீர். அவரே போலீஸ்காரர். 2018-ல ‘ஜோசஃப்’ எழுதினவரும் அவர்தான், நம்ம ‘விசித்திரன்’ அதோட ரீமேக்.

ஒளிப்பதிவு ஷைஜு காலித். ‘மகேஷிண்டே பிரதிகாரம்’, ‘கும்பளங்கி நைட்ஸ்’ எடுத்த கை. இதுல ராத்திரியைப் பாருங்க. சினிமா நிலா வெளிச்சம்னு நீலமா அடிப்பாங்களே, அது இல்ல. வண்டியோட முன்விளக்கு எட்டுற தூரம் வரைக்கும்தான் உலகம். அதுக்கு அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு ஓடுறவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. எடிட்டிங் மகேஷ் நாராயணனும் ராஜேஷ் ராஜேந்திரனும். கேரள அரசு விருது அவங்களுக்குக் கிடைச்சது நியாயம். படம் வடம்வலியில, அதாவது கயிறு இழுக்கிற போட்டியில தொடங்குது. கயிறு இழுக்கிறவன் காலை மண்ணுல ஊன்றிக்கிட்டு பின்னாடி பின்னாடி போறான் பாருங்க, ரெண்டு மணி நேரப் படமும் அந்த அசைவுதான்.

ஒரு சின்ன விஷயம், ஆனா எனக்குப் பெருசு. டி.எஸ்.பி.யா வர்ற அனில் நெடுமங்காடு, படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே போயிட்டார். 2020 கிறிஸ்துமஸ் அன்னிக்கு மலங்கரை அணையில மூழ்கி. நாடக மேடையிலிருந்து வந்து அப்போதான் மேலே வந்துட்டிருந்தார். கீழே இருக்கிறவங்க மேல பாசமும் இருக்கு, ஆனா தன் நாற்காலிக்காக அவங்களை விட்டுக்கொடுக்கவும் தயார்ங்கிற ஒரு அதிகாரியை, குரலை உயர்த்தாமலே காட்டியிருப்பார். அவர் வர்ற காட்சியெல்லாம் எனக்கு இப்பவும் தொண்டை அடைக்கும்.

இனி உங்க கேள்வி. இந்தப் படத்தோட கேமரா ஓடுறவங்க தோளை விட்டு ரொம்ப தூரம் போறதே இல்ல. அவங்களுக்குத் தெரியாதது பெரும்பாலும் நமக்கும் தெரியாது. செத்த பையனோட வீட்டுக்கு இவங்க போகல, அதனால கேமராவும் போகல. அது கதை சொல்ற முறை. அதைக் குறைன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

புதுசு எழுதியது:

தமிழில் ரீமேக் இருக்கிறதா? தெலுங்கில் பார்த்த ஞாபகம்.

ரீல்பெட்டி எழுதியது:

தெலுங்குல 2023-ல ‘கோட்டபொம்மாளி பி.எஸ்.’, ஸ்ரீகாந்த் நடிச்சது. தமிழ்ல ரீமேக் எதுவும் நான் பார்க்கல தம்பி. மூலத்தையே பாருங்க.

களியக்காவிளை எழுதியது:

மலையாளப் போலீஸ் படம் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் நாயாட்டின் அருமை தெரியும். நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் பக்கம் தியேட்டர் அதிர ஓடியது 1994-ல் வந்த ‘கமிஷனர்’. சுரேஷ் கோபி ஆங்கிலத்தில் திட்ட, மந்திரி வாயடைத்து நிற்க, நாங்கள் விசிலடித்தோம். அந்தப் படங்களில் நேர்மையான அதிகாரி ஒருவன் வந்தால் போதும், அமைப்பு சரியாகிவிடும். அதற்கு முன்னால் 1982-ல் கே.ஜி. ஜார்ஜ் ‘யவனிகா’வில் மம்மூட்டியை ஒரு சாதாரண விசாரணை அதிகாரியாகக் காட்டியிருந்தார். சத்தமில்லாமல், கேள்வி கேட்டுக் கேட்டே முடிச்சவிழ்ப்பவர். நடுவில் வந்த சத்தத்தில் அந்த வழி அடங்கிப்போயிருந்தது.

ஷாஹி கபீர் செய்தது மூன்றாவது ஒன்று. அவருடைய போலீஸ்காரன் வீரனும் இல்லை, புத்திசாலித் துப்பறிவாளனும் இல்லை. சம்பளக்காரன். மேலே இருப்பவன் சொன்னதைச் செய்கிறவன். கூலிக்கு அடிக்கும் குண்டாவாவது எனக்கு இந்த வேலை வேண்டாம் என்று சொல்லலாம், போலீஸ்காரனுக்கு அதுவும் கிடையாது என்பதுதான் மணியனின் வலி. அவரே இயக்கிய ‘இலவீழாப் பூஞ்சிற’யில் (2022) மலையுச்சி வயர்லெஸ் நிலையத்தில் தனியாகக் கிடக்கும் போலீஸ்காரர்கள். 2025-ல் ‘ரோந்து’, ஒரு ராத்திரி ரோந்துப் பணியில் இரண்டு பேர். எல்லாவற்றிலும் ஒரே பல்லவிதான், காக்கியின் கீழ்ப்படியில் இருப்பவனின் தனிமை.

இந்தக் கதையில் வேட்டையாடப்படுவதில் இரண்டு பேர் தலித்துகள் என்பதை மறக்கக் கூடாது அண்ணாச்சி. தலித் ஓட்டுக்காகத் தலித் போலீஸ்காரனைப் பலி கொடுக்கிறது அரசு. அதில் யாருக்குமே நீதி இல்லை. அதைத்தான் படம் சொல்கிறது. 69-வது தேசிய விருதில் சிறந்த அசல் திரைக்கதை ஷாஹி கபீருக்குக் கிடைத்தது, கேரள அரசும் சிறந்த கதைக்கான விருதைக் கொடுத்தது. ஜோஜுவுக்கு அந்த வருஷம் அரசின் சிறந்த நடிகர் விருது, பிஜு மேனோனோடு பகிர்ந்துகொண்டது. பல படங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில் இதுவும் ஒன்று.

நீதிமன்ற வளாகம் எழுதியது:

‘தலித் ஓட்டுக்காகத் தலித் போலீஸ்காரனைப் பலி கொடுக்கிறது அரசு’ என்று களியக்காவிளை சார் சொன்ன அந்த ஒரு வரியில்தான் எனக்குப் பிரச்சினையே இருக்கிறது. தொழிலால் வக்கீல், கீழ்க்கோர்ட்டில் பன்னிரண்டு வருஷம். சட்டப்படி பார்க்கலாம்.

படம் வந்த காலத்தில் சாலை விபத்தில் மரணம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. கவனக்குறைவால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருஷம், ஸ்டேஷன் ஜாமீன். பொறுப்பு ஓட்டியவனுக்கு. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைக் கொலைகாரர்களாக ஆக்குவதற்கு ஒரு அரசியல் காரணம் தேவை. படத்தில் அந்தக் காரணம், தலித் அமைப்பின் அழுத்தமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய பயமும்.

1989-ம் வருஷத்து அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவைப் படித்தால் முதல் வரியிலேயே தெரியும். குற்றவாளி பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். மணியன் மேலும் சுனிதா மேலும் அந்தச் சட்டம் பாயவே முடியாது. மூவரில் பிரவீன் ஒருவன் மேல்தான் போட முடியும், அதையும் கோர்ட்டில் நிலைநாட்ட வேண்டும். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெரும்பாலானவர்கள் மனதில் எடுத்துப் போவது, ‘அவங்க ஒரு புகார் கொடுத்தா போதும், யாரை வேணும்னாலும் உள்ள தள்ளலாம்’ என்பதைத்தான்.

இந்தப் பேச்சு வெறும் டீக்கடைப் பேச்சு இல்லை. 2018 மார்ச் 20-ல் உச்ச நீதிமன்றமே, சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, உடனடிக் கைது கூடாது, முன்விசாரணை வேண்டும் என்று தளர்த்தியது. ஏப்ரல் 2-ம் தேதி நாடு முழுக்க பந்த் நடந்தது, உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றமும் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. இவ்வளவும் நடந்து முடிந்து ஒன்றரை வருஷத்தில் வருகிறது இந்தப் படம். என் மேஜையில் நான் பார்ப்பது வேறு. வன்கொடுமைப் புகாரை எஃப்.ஐ.ஆர். ஆக்குவதற்கே ஸ்டேஷன் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேரளத்தில் போலீஸும் தலித்தும் என்றால் எனக்கு ஞாபகம் வருவது 2017 ஜூலை. திருச்சூர் மாவட்டம் பாவறட்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பிறகு விடுவிக்கப்பட்ட 19 வயதுப் பையன், வீட்டுக்கு வந்து தூக்கில் தொங்கினான். தலைமுடி நீளமாக வைத்திருந்ததற்காக அவனை அடித்தார்கள் என்பது புகார். நாயாட்டில் தூக்கில் தொங்குவது போலீஸ்காரர் மணியன். அந்த இடமாற்றத்தை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேரளத்தில் பல தலித் எழுத்தாளர்களும் படம் வந்தபோதே இதைக் கேட்டார்கள்.

களியக்காவிளை எழுதியது:

சட்ட விவரத்துக்கு நன்றி வக்கீல் சார், 3-வது பிரிவு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கதை, அந்தச் சமூகத்தில் ஒரு கெட்டவனையும் காட்டக் கூடாதா? பிஜு மாதிரி ஆள் எந்தக் கட்சியிலும் உண்டு.

நீதிமன்ற வளாகம் எழுதியது:

காட்டலாம் சார். பிஜுவைக் காட்டிய அளவுக்கு அந்த அமைப்பில் நியாயமாகக் கோபப்படுகிற ஒருவரையும் காட்டியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர்கள் பையன் செத்திருக்கிறான். கோபம் அவர்கள் உரிமை. படத்தில் அந்தக் கோபம் பேரம் பேசும் சரக்காக மட்டுமே வருகிறது.

ஏட்டு வீட்டுப் பெண் எழுதியது:

எல்லாரும் பேசுறதைப் படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எங்கப்பா தஞ்சாவூர்ப் பக்கம் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நான் போலீஸ் குவாட்டர்ஸ்ல வளர்ந்தவ. தீபாவளிக்கு அப்பா வீட்ல இருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல, பந்தோபஸ்து, பந்தோபஸ்து, எப்பவும் அதுதான்.

இந்தப் படத்தை நானும் அப்பாவும் சேர்ந்துதான் பார்த்தோம். ஓடத் தொடங்கின பிறகு, தங்களைப் பிடிக்க எந்தெந்த வழியில வருவாங்கன்னு மூணு பேரும் பேசிக்கிற இடம் வந்ததும் அப்பா, “போதும்மா, நிறுத்து”ன்னுட்டார். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது தானா சொன்னார். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆளை விசாரணைக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க. 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் இல்லையா, நிறுத்தல. மூணாம் நாள்தான் கைதுன்னு காட்டினாங்க. பொது டைரியில அந்த நேரத்தை எழுதினது அப்பா கை. மேல இருந்தவர் சொன்னார், எழுதிட்டேன்னார். அந்த ஆளுக்கு அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு அப்பாவுக்குத் தெரியல. அந்த மூணு நாளும் அந்த ஆளோட பொண்டாட்டி ஸ்டேஷன் எதிர்ல இருந்த வேப்பமரத்தடியில கைக்குழந்தையோட உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்குன்னார்.

அதனால மணியனைப் பார்த்து நான் அழுதது உண்மை. எங்கப்பாவைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. கூடலூர் அண்ணா கேட்ட கேள்வியும் உண்மை. மரத்தடியில உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளைக்குப் படத்துல இடமில்ல. ரீல்பெட்டி, கேமரா இவங்க கூடவே இருக்குன்னு சொன்னீங்க. கூடவே இருக்கிற கேமராவும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாமே?

ரீல்பெட்டி எழுதியது:

அக்கா, இதுக்கு மேல நான் என்ன சொல்ல. திரும்பிப் பார்த்திருக்கலாம். நான் எழுதினது ஒளிப்பதிவைப் பத்தின சரி, நியாயத்தைப் பத்தின சரி இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு குழப்பிட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சேர்க்கிறேன். இசை விஷ்ணு விஜய். ஆல்பத்துல ‘நரபலி’ன்னு ஒரு ராப் பாட்டு இருக்கு, வேடன்ங்கிற மலையாள ராப் பாடகர் பாடினது. அவர் அம்மா ஈழத்துத் தமிழ்ப் பெண். சாதியைப் பத்தி நேருக்கு நேரா பாடுற குரல் அது. கதை பேசாம விட்டதை அந்தக் குரல் பேசிட்டுப் போகுதுன்னு எனக்குத் தோணும். ஆனா பாட்டு போடுறதும் காட்சி வைக்கிறதும் ஒண்ணாகாது, ஒத்துக்கிறேன்.

தேயிலைமேடு எழுதியது:

நான் மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்தவன், தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். இழையை இப்போதுதான் பார்த்தேன். படத்தின் இரண்டாம் பாதி எங்கள் மலைப்பக்கம். அந்தக் குளிரும் பனியும் காலை வெயிலும் அப்படியே இருக்கிறது. ஷைஜு காலித்துக்குக் கும்பிடு. மற்ற படங்களில் எங்கள் மலை டூயட் பாடும் இடம், இதில் மனுஷன் பயந்து ஒளிகிற இடம். ராத்திரியில் இந்த மலை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அப்படித்தான் இருந்தது.

ஆனால் வக்கீல் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தலித் ஓட்டு என்றால் மொத்தமாகக் கட்டித் தூக்கி ஒரு தலைவன் கையில் கொடுத்துவிடலாம் என்று படம் நம்புகிறது. அவர்கள் ஓடி ஒளிய வந்த இதே மூணாறில் 2015 செப்டம்பரில் என்ன நடந்தது? போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்பது அந்தப் போராட்டத்தின் பெயர். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். எல்லாக் கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வராதே என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாள். போனஸ் திரும்பக் கிடைத்தது. எங்கள் சித்தி அதில் உட்கார்ந்தவள். தலைவன் இல்லாமல், பேரம் பேச ஆள் வைக்காமல், தாங்களே பேசியவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அப்படி ஒரு பெண் இந்தப் படத்துக்குள் ஒரு காட்சியில் நடந்து போயிருந்தால் மொத்தக் கதையும் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

படம் பிடிக்கும். அடுத்த தடவை தொலைக்காட்சியில் போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன்.

கூடலூர்க்காரன் எழுதியது:

நண்பர்களே, நேற்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை படித்தேன். தேயிலைமேடு தம்பி, பெம்பிளை ஒருமை நடந்தபோது நான் மூணாறு வழியாக வண்டியில் வந்து போக்குவரத்தில் மாட்டி எரிச்சல்பட்டவன். அதை இங்கே சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

என் நிலை இப்போது இதுதான். போலீஸ்காரனும் அமைப்பின் கைதி என்று சொன்னதில் நாயாட்டுக்கு நிகரான படம் நான் பார்க்கவில்லை. கடைசியில் போலீஸ் வேனுக்குள் பிரவீனும் சுனிதாவும் உட்கார்ந்திருக்கும்போது நிமிஷாவின் கண்ணில் இருக்கும் அந்தக் கோபத்துக்காகவே இந்தப் படத்தை விட முடியாது. செத்தவனைப் பற்றி அது பேசவில்லை என்பதையும் விட முடியாது. இனி யாருக்காவது இந்தப் படத்தைப் பரிந்துரைத்தால் இந்த இழையையும் சேர்த்து அனுப்புவேன்.

ஏட்டு வீட்டுப் பெண், அப்பா மீதிப் படத்தைப் பார்த்தாரா தங்கச்சி?

ஏட்டு வீட்டுப் பெண் எழுதியது:

நேத்து ராத்திரி மறுபடி போட்டேன் அண்ணா. முதல்லேர்ந்து பார்க்கலாம்னு அவரே சொன்னார். ஸ்டேஷன்ல பிஜுவை லாக்கப்புக்குள்ள தள்ற இடத்துல கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்துல எனக்கெல்லாம் ‘நல்லா வேணும்’னு இருந்துச்சு. அப்பா சொன்னது: “அவன் திமிரா பேசினான்தான். உட்கார வச்சு, மனுவை வாங்கிட்டு, வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். கை வச்சது தப்பு. விபத்துக்கு முன்னாடியே இவங்க தோத்துட்டாங்க.”

அதோட எழுந்து படுக்கப் போயிட்டார். மிச்சத்தை ஞாயித்துக்கிழமை பார்ப்போம்னு சொல்லியிருக்கார்.